சங்கம் வரும் ஞாயிறு

சீசன் காலத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஐந்தருவியில் யாரும் ஷாம்பு விற்கமாட்டார்கள். அது சங்கம் வரும் ஞாயிறு. தென்காசியில் கடை வைத்திருப்பவர்கள், வக்கீல்கள், டாக்டர்கள் என்று பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய சேவைச் சங்கம் அது. கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி என்று வருஷம் முழுக்க ஏதாவது செய்வார்கள். ஆடி மாதச் சாரலில் அருவியைக் காப்பாற்ற வருவார்கள். குளிக்க வருகிறவர்களிடம் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட்டுகளை வழியிலேயே கேட்டு வாங்கி ஒரு நீல டிரம்மில் போடுவார்கள். கேட்டு வாங்குவது பச்சைத் தொப்பி வைத்த பள்ளிப் பிள்ளைகளின் வேலை; காலையில் உறுதிமொழி சொல்லிவிட்டு ஆளுக்கொரு கூடையோடு நிற்பார்கள், கூடையில் அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அருவிக்குக் கீழே ஓடையில் ஷாம்பு நுரை கஞ்சி பொங்கியதுபோல மிதந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அங்கே தரைக்கடை போட்டிருந்தவர்களுக்கு அந்த நாள் முன்பே தெரிந்துவிடும். பேனர் கட்ட வருகிறவரே சொல்லிவிட்டுப் போவார். அன்று காலையில் சீயக்காய்த்தூளும் துண்டும் மட்டும் முன்னால் இருக்கும். ஷாம்புச் சரங்கள் சாக்குக்கு அடியில் போய்விடும். பதினோரு மணிக்குச் சங்கத்தார் டிபன் சாப்பிடக் கிளம்பியதும் சாக்கு விலகும். சங்கத்தாருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. யாருக்கும் யார்மீதும் வருத்தம் இல்லாமல் அருவி ஒரு அரைநாள் சுத்தமாக இருக்கும்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அங்கேதான் வியாபாரம் செய்தாள். மாமா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அத்தை இலத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒண்டவில்லை. இலஞ்சியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, சீசனில் விற்பதை வைத்தே வருஷத்தை ஓட்டினாள். "அண்ணன் வீட்டுச் சோறு ஆறு நாள்ல ஆறிப்போவும்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படியே சொல்லிச் சிரிப்பாள். மற்ற நாட்களில் ஷாம்புச் சரங்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நடப்பாள்.

"கல்யாணப் பொண்ணு வாரா, வழி விடுங்கடே" என்பார் பஜ்ஜிக்கடை அண்ணாச்சி.

"மாப்பிள்ளை நீரு இல்லவே, அந்தமட்டும் சந்தோசம்" என்பாள் அத்தை.

அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. டீச்சர் என்னைப் பச்சைத் தொப்பிக்குத் தேர்ந்தெடுத்ததும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். தொப்பி பறந்துவிட்டால் என்ன செய்வது, உறுதிமொழி பாதியில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. படித்ததில் பாதிக்குமேல் மறந்தும்விட்டது. அந்த உறுதிமொழி மட்டும் இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் வருகிறது, கேட்பாரில்லாமல்.

டீச்சர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின வருஷம் ஒருத்தி பரிசுக்கு ஆசைப்பட்டு வீட்டிலிருந்தே ஷாம்பு கொண்டுவந்து கூடையில் போட்டுக்கொண்டாளாம். "இந்தத் தடவை எவளாவது வீட்டாள் கிட்ட வாங்கிப் போட்டு ஏமாத்துனா, எல்லார் முன்னாடியும் தொப்பியக் கழட்டி வெளிய அனுப்பிருவேன்."

அன்று சாரல் விடாமல் அடித்தது. மற்றப் பிள்ளைகளின் கூடைகள் நிறைந்துகொண்டிருந்தன. "அக்கா, ஷாம்பு இருந்தா குடுங்க" என்று நான் சொன்னது அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "தள்ளு பாப்பா" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் என் கூடையில் விழுந்தது, முடி ஒட்டிய பாதிச் சோப்பு ஒன்றுதான்.

நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் அத்தையின் கடை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஏன் எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்க?"

"யாரும் குடுக்க மாட்டுக்காங்க அத்தே. டீச்சர் ஏசுவாங்க."

"ஒங்கப்பன மாதிரி வாய்க்குள்ள முனங்குனா எவ குடுப்பா? இங்கன வா."

சுற்றிப் பார்த்துவிட்டுச் சாக்கைத் தூக்கினாள். மூன்று சரம் ஷாம்பு எடுத்து என் கூடையில் சுருட்டி வைத்தாள். "கேட்டா, குளிக்க வந்தவிய குடுத்தாங்கன்னு சொல்லு. அழுதுராத, போ."

அந்த வருஷம் சங்கத்தாரோடு ஓர் அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள். பேனர் கட்டியவருக்கே அது தெரியாது. பத்து மணிக்குக் கூடைகளை டிரம் பக்கத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். சங்கத் தலைவர், பாத்திரக்கடை வைத்திருந்த சாதுவான மனிதர், மைக்கோடு என் கூடைக்கு முன்னால் நின்றார்.

"அடேயப்பா! எங்கம்மா கிடைச்சுது இவ்வளவு?"

பக்கத்தில் நின்ற அதிகாரி குனிந்து ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பாக்கெட்கூடக் கிழிக்காத முழுச் சரம். "குளிக்க வர்றவங்க சரத்தோடயா வாங்கிட்டு வர்றாங்க?" என்றார்.

அத்தை சொல்லிக்கொடுத்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. காலையில்தான் 'உண்மையே பேசுவேன்' என்று கையை நீட்டி உறுதிமொழி சொல்லியிருந்தோம். பொய் சொன்னால் அது எப்படியும் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அத்தையின் கடைப் பக்கம் கையை நீட்டினேன். "எங்க அத்தை குடுத்தாங்க."

தலைவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். அவர் முகம் சுருங்கியது. அதிகாரி நேராக அத்தையின் கடைக்கு நடந்தார். பின்னால் நாங்களும் போனோம். போலீஸ்காரர் சாக்கைத் தூக்கினார். அடியில் இரண்டு பெட்டி நிறைய இருந்தது.

"சீசனுக்கு வாங்கிப் போட்டது சார். இன்னிக்கி விக்கல சார், சத்தியமா விக்கல."

அதிகாரி என்னைக் காட்டினார். "இந்தப் புள்ள ஒங்க வீட்டுப் புள்ளையா? நீங்கதான் குடுத்து விட்டீங்களா?"

டீச்சரின் கை என் தலைக்கு வந்து தொப்பியின் விளிம்பைப் பிடித்தது. அத்தை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது யாரு பெத்த புள்ளையோ சார், எனக்குத் தெரியாது. வாரவளுக எல்லாம் அத்தேன்னுதான் கூப்பிடுதாளுக. ஷாம்பு விக்கக் கூடாதுன்னு முன்னால வந்து நின்னு வம்பு பண்ணுச்சு. சனியன் தொலையட்டும்னு எடுத்துக் குடுத்தேன்."

"அத்தே" என்றேன். அவள் திரும்பவில்லை.

தொப்பியைப் பிடித்திருந்த கை என் முதுகைத் தட்டியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். வியாபாரியையே எதிர்த்து நின்ற சிறுமி என்று மைக்கில் சொன்னார்கள். அத்தையின் இரண்டு பெட்டிகளையும் டிரம்மில் கொட்டினார்கள். அதோடு டிரம் நிறைந்துவிட்டதால் படம் எடுக்க வசதியாக இருந்தது. "இந்த சீசன்ல இனி ஒன்ன இங்கன பாக்கக் கூடாது" என்று போலீஸ்காரர் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு முதல் பரிசாக ஒரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். தலைவர் என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார். பஜ்ஜிக்கடை அண்ணாச்சி அடுப்பைத் தணித்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறக்கும்முன் அத்தை இலஞ்சி அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எவனோ அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போனான் என்று மட்டும்தான் வீட்டில் சொன்னாள். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுக்களையில் பாத்திரங்கள்தான் முன்பைவிடச் சத்தமாக விழுந்தன. அத்தை சிரித்துப் பேசுவது நின்றுபோனது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் முறை சோறு கேட்கமாட்டாள்.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் இருக்கவில்லை. என் மனது முழுக்க ஒரே குமைச்சல். அத்தனை பேர் முன்னால் அத்தை என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். நான் யாரென்றே தெரியாதாம். யாரு பெத்த புள்ளையோவாம். சனியனாம். "ஏட்டி வா, தலை பின்னி விடுதேன்" என்று சீப்போடு கூப்பிடுவாள். நான் போகமாட்டேன். பாடம் இருக்கிறது என்பேன்.

புரட்டாசியில், கொல்லம் பக்கம் முந்திரி ஆலையில் வேலை இருப்பதாக யாரோ சொல்ல, அத்தை ஒரு பையோடு கிளம்பினாள். அப்பா என்னை இரண்டு தடவை கூப்பிட்டார். நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். "அவ பயந்தாங்கொள்ளி மைனி, அவள ஏசாதிய" என்று வாசலில் அத்தை அம்மாவிடம் சொல்வது கேட்டது. அப்போதும் நான் வெளியே வரவில்லை. என்னைத் தெரியாது என்று சொன்னவளை நான் எதற்கு வழியனுப்ப வேண்டும் என்று, செங்கோட்டை பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் அடங்கும்வரை, அந்தக் கதவுக்குப் பின்னால் ரோஷத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.