இருபது இஞ்ச் சைக்கிளும் ஆறு வயசுக் கால்களும்

போன வாரம் முழுக்க, காலையில் எழுந்ததும் மலையைத்தான் பார்த்தேன். மேகம் இறங்கிவிட்டதா... இல்லையே? குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு, சாரல் கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காரணம், என் மகள் யாழினி. ஆறு வயது. சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் தெரு முழுக்க வெளியூர்க் கார்கள் நிற்கும். அதற்குள் அவள் சைக்கிள் பழகியாக வேண்டும். விட்டால் அடுத்த கோடை லீவுதான்.

சைக்கிள் இருக்கிறது. பிரச்சினையே அதுதான். என் வீட்டுக்காரர் தென்காசியில் வாங்கி வந்தது இருபது இஞ்ச். ஏறி உட்கார்ந்தால் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்குகிறது.

"வளருத பிள்ளதான... நாலு வருசம் ஓட்டுவால்லா," என்றார்.

முதல் நாளே விழுந்தாள். முட்டியில் தோல் உரிந்தது. அப்புறம் சைக்கிள் பக்கமே போகவில்லை.

"கால் எட்ட மாட்டேங்கும்மா. நான் வளந்தபொறவு ஓட்டுதேன்."

அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை ஆட்டோவில் ஏற்றித் தென்காசியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். சீட் இறங்க வேண்டும், பெடல் கிட்டே வர வேண்டும், பிரேக் அவள் விரலுக்கு எட்ட வேண்டும் - மூச்சுவிடாமல் சொன்னேன்.

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "சின்ன சைக்கிளா வாங்கிருக்கலாம்லா தங்கச்சி?"

"அத வாங்குனவர்ட்ட சொல்லுங்க. எனக்கு இன்னைக்கே வேணும்."

ஸ்டூல் போட்டார். எங்கே உட்கார? கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சீட் கம்பியை அறுத்தார். பழைய குட்டி சைக்கிள் ஒன்றிலிருந்து, பெடல் மாட்டுகிற கிராங்க்கைக் கழற்றி இதில் பூட்டினார். பிரேக் பிடியை உள்ளே தள்ளி முறுக்கினார்.

மறுநாள் காலை அவளை ஏற்றினேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. குனிந்து பார்த்தாள். "எம்மா, எட்டுது."

பிடித்துக்கொண்டே ஓடினேன். இரண்டு நாள் ஓட்டம். மூன்றாம் நாள் அவளே, "விடுங்கம்மா" என்றாள். விட்டேன்... போயேவிட்டாள்!

உடுப்போ செருப்போ, நாம் எதை வாங்கினாலும் இனிமேல் வளரப்போகிற பிள்ளைக்குத்தான் வாங்குகிறோம். இன்றைக்கு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு என்ன வாங்குகிறோம்?

அன்று மாலை சாரல் வந்துவிட்டது. நனைந்துகொண்டே வந்த வீட்டுக்காரர் கையில் புது யூனிஃபார்ம். போட்டுப் பார்த்தாள். பாவாடை கணுக்காலைத் தொட்டது. அவர் வாயைத் திறக்குமுன் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"எம்மா, இதையும் சைக்கிள் கடையில குடுத்து அறுத்துட்டு வாங்க."