ஐயா சொன்னதும் நான் சொன்னதும்

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையில் இடது பக்க வரிசைகள் தமிழ், வலது பக்க வரிசைகள் கன்னடம். யாரும் சட்டம் போடவில்லை, நாளடைவில் அப்படி அமைந்துவிட்டது. சபையைத் தொடங்கிய ஐயா தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நிற்கும் நான் அதைக் கன்னடத்தில் சொல்வேன். மல்லேஸ்வரத்தில் பிறந்து கன்னடத்திலேயே படித்தவன் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பதினொரு வருடமாகச் செய்கிறேன். அதில் ஒன்பது வருடம், ஒரே ஒரு விஷயத்தில், ஐயா சொன்னதை நான் சொல்லவில்லை.

அந்த விஷயம் மருந்து. இளவயதில் ஐயாவுக்கு வந்த ஏதோ ஒரு விஷக்காய்ச்சல் ஜெபத்தில் விட்டுப்போனதாம். அந்தச் சாட்சியின் மேல்தான் சபையே எழுந்தது. ஆகவே ஜெபித்த பிறகும் மாத்திரை விழுங்குகிறவன் அவிசுவாசி என்பது எங்கள் உபதேசம். சபை அச்சிட்ட சிறு புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, ஸ்தாபகருக்கு அருளப்பட்ட உபதேசத்தில் பிழையில்லை என்று தடித்த எழுத்தில் இருக்கும். சபையில் பாதிப் பேர் பிரஷர் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். நான் என்னுடையதைப் பெப்பர்மிண்ட் டப்பாவில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்டுவிடக்கூடாதே என்று அதையும் பீரோவில் பூட்டி வைப்பேன்.

என் முணுமுணுப்பு எல்லாம் மனசுக்குள்தான். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக நான்கு சபைகள். ஒவ்வொன்றையும் தொடங்கியவர், முன்பு இருந்த சபையின் உபதேசத்தில் பிழை கண்டுபிடித்து வெளியே வந்தவர். எங்கள் ஐயாவும் அப்படித்தான் வந்தார். அவருக்கு முன்னால் தொடங்கியவருக்குத் தப்பு வந்திருக்கிறது, இவரிடமிருந்து பிரிந்து போனவருக்கும் தப்பு வந்திருக்கிறது, நடுவில் இவருக்கு மட்டும் எப்படி வராமல் போயிற்று என்று யோசிப்பேன். தலைமைச் சீடரே ஒருமுறை யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற விஷயத்தில் நழுவி, தனக்குப் பின்னால் ஊழியத்துக்கு வந்தவரிடம் எல்லோர் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது வேதத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஆராதனை தொடங்கும் முன் கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கும் ஒரு கன்னடப் பெண் வாசலில் என்னை நிறுத்தினாள். அவளுக்கு வலிப்பு உண்டு. போன வாரம் ஐயா தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார். “மாத்திரையை இன்னும் சாப்பிடவா அண்ணா, நிறுத்திடவா? இன்னைக்கு ஐயா செய்தியில என்ன சொல்றாரோ அதையே பண்றேன்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, வலது பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கென்று ஐயா அதே விஷயத்தைத்தான் எடுத்தார். “ஒரு கையில மாத்திரையும் ஒரு கையில விசுவாசமும் பிடிச்சா ரெண்டும் நிக்காது. ஒண்ண விடு” என்று சொல்லி நிறுத்தினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் அவள் விழுவது போல எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. என் வாய் கன்னடத்தில், “ஒரு கையில் மாத்திரை இருக்கட்டும், ஒரு கையில் விசுவாசம் இருக்கட்டும். இரண்டையும் விடாதீர்கள்” என்றது. ஐயா கண்களை மூடித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நம் ஆட்களில் பலருக்கும் கன்னடம் தெரியுமே, ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். தமிழில் கேட்டு முடித்தவர்கள் அடுத்து வரும் கன்னடத்தைக் கேட்பதில்லை. அந்த இடைவெளி இருமுவதற்கும் பக்கம் புரட்டுவதற்கும் உள்ளது. ஐயாவோ காய்கறிக்காரரிடம்கூடத் தமிழில் பேசுகிறவர், அவருக்குக் கன்னடம் தெரியாது என்பது ஊரறிந்த சங்கதி. இந்த இரண்டு தைரியத்தில் என் பித்தலாட்டம் ஓடியது. அந்தப் பெண்ணும் மாத்திரையை விடாமல், விழாமல், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் இடது பக்கம் எனக்கு மைக் கிடையாது. தமிழ் வரிசையில் ஒரு பெரியவர் சர்க்கரைக்கு மருந்தை நிறுத்தி, கால் விரல்கள் இரண்டை இழந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாட்டிக்கொண்டது யூடியூபால். சபைச் செயலாளர் மென்பொருள் வேலையில் இருக்கிறவர், ஹெப்பகோடியில் வீடு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற ஜாதி. பழைய பிரசங்கங்களை எழுத்தோடு ஏற்ற வேண்டும் என்று, தமிழ் ஒரு பக்கமும் கன்னடம் ஒரு பக்கமுமாக அடித்து வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது.

“பிரதர், ஐயா ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஒரு தடவைன்னா வாய் தவறிடுச்சுன்னு விட்டுடலாம். எல்லா வருஷமும் இருக்கு. சனிக்கிழமை ஐயாகிட்ட வெச்சே ஆகணும். கன்னட ஜனங்களுக்குச் சரியான உபதேசத்தை நான் ஞாயித்துக்கிழமையே அறிவிச்சிடுறேன்.”

என் மைக் போவது பெரிதல்ல. அந்த அறிவிப்பு போனால் அவள் மாத்திரை நின்றுவிடும். மூன்று நாள் தூக்கமில்லை. பெப்பர்மிண்ட் டப்பாவில் இருப்பதை விழுங்கியும் பிரஷர் இறங்கவில்லை.

சனிக்கிழமை மாலை சபைக்கு மேல்மாடியில் ஐயா வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். செயலாளர் காகிதங்களை நீட்டினார். எண்பது வயது ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைப் படித்தார். பிறகு விரலைக் கன்னடப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக, வாய்விட்டே வாசித்தார். செயலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

“ஐயா, உங்களுக்குக் கன்னடம் வருமா?” என்றேன்.

“இந்த ஊருக்கு வந்த புதுசுல மில்லு வேலை தம்பி. ஷிஃப்ட் போர்டு கன்னடத்துல இருக்கும், படிக்கலன்னா சம்பளம் போயிடும். பிரசங்கம் பண்ற கன்னடம் வராது. கேட்டா நல்லாப் புரியும்.”

“அப்படின்னா நான் சொன்னது…”

“முதல் நாளே கேட்டேன். கோவம்னா அப்படிக் கோவம். எறங்கினதும் உன்னைத் தூக்கிடணும்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்து என் கையப் பிடிச்சுக்குச்சு. மாத்திரைய விடாதேன்னு சொன்னீங்களே, இப்பத்தான் எனக்கு நிம்மதின்னு அழுதுச்சு.” ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “நீ சொன்னதுக்கு எனக்கு நன்றி சொல்லுச்சு தம்பி. நானும் வாங்கிக்கிட்டேன். அப்புறம் தமிழ்லயும் மாத்திடணும்னு வாராவாரம் நெனப்பேன். எழுந்து நின்னா பழைய வாய்தான் பேசுது. அந்தப் பெரியவருக்கு வெரல் எடுத்த அன்னைக்காவது சொல்லியிருக்கணும்.”

செயலாளர் விடவில்லை. “ஐயா, ஸ்தாபகருக்கே உபதேசத்துல தப்பு வரும்னா, சபை எது மேல நிக்கும்?”

“என் மேல நிக்குதுன்னு யாருய்யா சொன்னது? அந்த முதல் பக்கத்து வரிய எடுத்துடு. அது நான் எழுதச் சொல்லல. எழுதினப்ப வேணாம்னும் சொல்லல, அது என் தப்பு.”

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒன்பது வருடம் நான் பயந்து செத்ததைக் கண்ணை மூடித் தண்ணீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே மனுஷன். மாடிப்படி இறங்குவதற்குள் கோபம் போய்விட்டது. அவள் மாத்திரைக்கு இனி ஆபத்தில்லை. அப்படி ஒரு ஆறுதல் எனக்கு என் பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட்டில்கூட வந்ததில்லை. லிங்கராஜபுரம் ஸ்டாப்பில் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஐயா தமிழில் ஆரம்பித்தார். “மருந்து விஷயத்துல இத்தனை வருஷம் நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.” இடது பக்கம் இருமல் நின்றது. விரல் இழந்த பெரியவர் தலை நிமிர்ந்தார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது பக்கத்தவர்கள் காதில் கடந்த ஒன்பது வருடத்தில் அந்தத் தப்பு விழுந்ததே இல்லை. இதைக் கன்னடத்தில் சொன்னால், இவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று கேட்பார்கள், என் ஒன்பது வருடமும் வெளியே வரும். முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

ஐயா அதைப் பார்த்தார். பிறகு தன் மைக்கை வலது பக்கம் திருப்பி, மில்லுக் கன்னடத்தில் அவரே சொன்னார்: “தப்பு ஹேளிதவனு நானு. சரியாகி ஹேளிதவரு இவரு.”

வலது பக்கம் ஒரே சலசலப்பு. ஐயா கன்னடம் பேசியதே அவர்களுக்குப் பெரிய சேதி. இடது பக்கத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தவர்கள், என்ன சொன்னார் என்று என்னைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், மைக்கைத் தூக்கிவிட்டேன்.

“தப்புச் சொன்னது தான்தான் என்கிறார் ஐயா” என்று தமிழில் சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டேன். சரியாகச் சொன்னவன் நான்தான் என்ற மீதியை என் வாயால் எப்படிச் சொல்வது?

“முழுசாச் சொல்லு தம்பி” என்றார் ஐயா. பதினொரு வருடத்தில் அவர் என் மொழிபெயர்ப்பைத் திருத்தியது அந்த ஒரு தடவைதான்.