கொள்ளிடக் கரையில் கேட்ட சீர்

ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதே பாதி உத்தியோகம். வருகிற விருந்தாளிகளையெல்லாம் பெருமாள் கோயில், மலைக்கோட்டை, முக்கொம்பு என்று இழுத்துக்கொண்டு அலைவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அப்படி என் கணவர் வழி விருந்தாளிகளோடு முக்கொம்புக்குக் கிளம்பிய காலையில்தான் மணப்பாறையிலிருந்து அண்ணன் ஆள் அனுப்பினார். "அய்யாவுக்கு ரொம்ப முடியலைங்க. உங்களைப் பார்க்கணும்ங்கிறாங்க" என்றான் பண்ணையாள். அப்பாவுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் புளியோதரை பரிமாறினேன். மறுநாள் போனபோது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பங்காளிகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினியாண்ணே? பெத்த மகளைக் கடைசியா முகம் பார்க்க விடாம பண்ணிட்டியே" என்று அலறினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பண்ணையாள் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொன்னால் யார் கேட்பார்கள்? பிணத்தை வைத்துக்கொண்டு தங்கையோடு வழக்காட அண்ணனுக்கு மனமில்லை. அதோடு போக்குவரத்து நின்றது.

ஆறு வருஷம் கழித்து என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார்கள். தாய்மாமன் சீரோடு வந்து, மாலை போட்டு மணையில் உட்கார வைக்க வேண்டும். மாமனே ஒதுக்கிய வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம். மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. 

தைப்பூசத்துக்கு அண்ணன் தவறாமல் கொள்ளிடக் கரைக்கு வருவார். அன்று சமயபுரத்தாள் அங்கே தீர்த்தமாட எழுந்தருளுவாள். அண்ணன் முறையில் ரங்கநாதர் அவளுக்குச் சீர் அனுப்புவார். பட்டுப்புடவையும் மாலையும் தாம்பாளத்தில் வைத்து நானே தூக்கிக்கொண்டு போனேன். சுடுமணலில் ஓடி, கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து நீட்டினேன்.

"நீ கொண்டு வந்ததா கல்யாணத்துல நாலு பேர் பார்க்க இதைக் கொடுத்துடுண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"தன் சீரைத் தானே வாங்கிட்டு வர்ற தங்கச்சிய எங்கயாவது பார்த்திருக்கியா?" என்றார். தட்டைத் தொடவில்லை.

காலில் விழுந்தேன். "அன்னிக்கி நான் சொன்னது பொய்யிண்ணே."

"எனக்கா தெரியாது? அன்னிக்கி இருந்த பங்காளிங்க முன்னாடி வந்து இதைச் சொல்லு. நானே சீரோட வந்து நிக்கிறேன்."

"வரேன்" என்றேன். சத்தியமாகப் போகத்தான் நினைத்தேன். மறுநாள் மணப்பாறை பஸ்ஸில் ஏறி, பாதி வழிகூடப் போகாமல் மன்னார்புரத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அப்பாவின் உயிரைவிட முக்கொம்பு பெரிதாகப் போயிற்றா என்று ஒருவராவது கேட்பாரே. அதற்குப் பயந்து செத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் எடமலைப்பட்டி புதூரில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். "மாமான்னு ஒருத்தர் இருந்து என் வாழ்க்கையைக் கெடுத்துட்டாரேம்மா" என்று மகள் என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஆமாம்மா" என்றேன்.