விற்காத கீரை

தனக்கோடியின் கீரைக்கு ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் நல்ல பெயர். பம்மலைத் தாண்டி, குப்பைமேட்டை ஒட்டிய புறம்போக்கில் பாத்தி கட்டியிருந்தாள். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, தோல் கழிவு என்று ஊர் கொட்டியதெல்லாம் மட்கிக் கறுத்துப்போன மண். எரு போடாமலே அரைக்கீரை மதமதவென்று வளரும். விடிந்ததும் பறித்து, பஸ் மாறி, காலனிக்கு வந்துவிடுவாள்.

கீரை விற்பவள் வீட்டில் நல்ல கீரை வேகாது. நல்ல கட்டு காலனிக்கு, விற்காமல் வாடியது வீட்டுச் சட்டிக்கு. தனக்கோடிக்கு அப்படி மிஞ்சியதே அபூர்வம்.

2004 ஆடியில் காலனி சங்கச் செயலாளர் கிட்டு சார், ரோஜாத் தொட்டிக்கென்று அவளிடம் ஒரு மூட்டை மண் வாங்கினார். ஆராய்ச்சி மாணவனான அவர் மகன் நிகில், அதில் ஒரு பிடியைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனான். காரீயமும் காட்மியமும் பல மடங்கு அதிகம் என்று முடிவு வந்தது. கீரை அதை உறிஞ்சிக்கொள்ளும், வேகவைத்தாலும் போகாது, கருவில் இருக்கும் பிள்ளையின் மூளையைக்கூடக் கெடுக்கும் என்றான்.

உடனே சங்கக் கூட்டம். இனி யாரும் வாங்குவதில்லை என்று தீர்மானமாயிற்று. காலனிக் குப்பையும் அந்த மேட்டுக்குத்தான் போகிறது. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சரி, அவளிடம் யார் சொல்வது?

"பாவம், அவ மனசு கஷ்டப்படும். ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு சொல்லிடலாம்" என்றாள் அபிதகுஜாம்பாள் மாமி, தனக்கோடியின் பழைய வாடிக்கைக்காரி. எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. நாகரிகம் தெரிந்த மனிதர்கள் அல்லவா.

மறுநாள் முதல் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் கீரை இருந்தது. தனக்கோடி நிறைந்த கூடையோடு வீடு திரும்பினாள். மகள் ஞானஜோதி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. ரத்தம் கம்மி, தினமும் கீரை சாப்பிடு என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நல்ல கட்டை வீட்டில் ஆக்கிவிட்டால் அரிசிக்கு எங்கே போவது என்று அதுவரை தள்ளிப்போட்டிருந்தாள். இப்போது தடையில்லை. பொரியல், கூட்டு, கடைசல் என்று இரண்டு வேளையும் போட்டாள். மகள் முகம் சுளித்தால் ஊட்டியும் விட்டாள்.

புரட்டாசியில் ஒரு காலை, மாமி வீட்டு கேட்டில் கூடையை இறக்கினாள்.

"வாணான்னா வுடும்மா, நா பேஜார் பண்ல. அல்லாத்தையும் எம் பொண்ணு துன்னுறா. இப்ப ஏழு மாசம். யாவாரம் பூட்ச்சேன்னு அழுதேன், கடவுளு அவளுக்குன்னு வச்சிகீறாரு."

மாமியின் முகம் வெளுத்தது. இரண்டு மாதமாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தவள் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

தனக்கோடி கேட்டாள்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"ஆடியில."

"ஆடிலேர்ந்துதாம்மா அவளுக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

தனக்கோடி கூடையை அப்படியே போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் ஓடினாள். மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் சுற்றிக்கொண்டிருந்த மாடு ஒன்று வந்து கூடையில் வாய் வைத்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கிட்டு சார் பதறிப்போய்க் குரல் கொடுத்தார்.

"மாமி, அந்த மாட்டை விரட்டுங்கோ. அது விஷம். பாவம், வாயில்லா ஜீவன்."