ருவீம் போட்ட மெட்டு

ருவீம் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றும் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் எழுந்துபோய் நிறுத்திவிடுகிறேன்.

சோவியத் ரஷ்யாவின் சரதோவ் நகரில், சினிமாக் கொட்டகையின் முன்கூடத்தில், படம் தொடங்கும்வரை வாசிக்கும் குழு எங்களுடையது. ருவீம் பியானோ, நான் டிரம்ஸ். ஜாஸ் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாத காலம். அவனுடைய இடது கை நல்ல பிள்ளையாக வால்ட்ஸ் நடனத் தாளம் வாசிக்கும். வலது கை தன் இஷ்டத்துக்கு ஓடும். டிக்கெட் கிழிக்கும் அம்மாள்கூடக் கால் தட்டுவாள்.

தினமும் ஒரு தாளை நிரப்பி இசையமைப்பாளர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்: என்ன பாட்டு, யார் இசை. முக்கால்வாசி அந்தச் சங்கத்தாருடையதாக இருந்தே தீர வேண்டும். அமெரிக்க மெட்டுக்கெல்லாம் யாராவது சங்கத்தாரின் பெயரைப் போட்டுச் சமாளிப்போம். ஊரில் எல்லாக் குழுவும் அதைத்தான் செய்தது.

பிரசவத்தில் இறந்துபோன மனைவி தோன்யாவுக்காக ருவீம் ஒரு மெட்டுப் போட்டான். இசைப் பட்டம் இல்லாதவனைச் சங்கத்தில் யார் சேர்ப்பார்கள்? சொந்தப் பெயரை எழுதினால் வாசிக்க விடமாட்டார்கள்.

"சங்கத்துப் பெரிய தலை பொலோசவ் பேரைப் போட்டுடலாம்டா. அந்தப் பேரைப் பார்த்தா எவனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றேன்.

யோசனை சொன்னவன் நான். கையெழுத்து அழகு என்று ஆறு வருடம் அந்தத் தாளை எழுதியவனும் நான்தான்.

தன் பெயரில் தனக்கே தெரியாத பாட்டு ஓடுகிறதே என்று பொலோசவ் ஒருநாள் எங்களுக்குத் தெரியாமல் வந்து அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வசந்தத்தில் ரேடியோவில் அவர் பெயரில் ஒரு கூட்டுப்பாடல். கோதுமை, டிராக்டர் என்று வார்த்தைகள், மெட்டு தோன்யாவுடையது. ருவீம் நியாயம் கேட்கச் சங்கத்துக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி எங்கள் தாள்களையே எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"ஆறு வருஷமா நீங்களே இது அவரோடதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, தோழரே."

அந்த இலையுதிர்காலத்தில் வாத்தியக்காரர்களுக்குத் தரத் தேர்வு. தேறாதவனுக்கு மேடை இல்லை. தலைமை நாற்காலியில் பொலோசவ். வாசிக்கச் சொன்ன பாட்டு அதே பாட்டு. வெட்கங்கெட்ட மனிதர்! ருவீம் டிராக்டரை எல்லாம் உதறிவிட்டு, தோன்யாவுக்கு வாசித்ததுபோலவே வாசித்தான்.

"இசையமைப்பாளர் எழுதினபடி நீங்க வாசிக்கலை" என்றார் பொலோசவ்.

"இசையமைப்பாளருக்கு இன்னிக்கி இப்படி வாசிக்கணும்னு தோணுச்சு" என்றான் ருவீம்.

அறையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெட்டு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அவனுடைய தரத்தைப் பிடுங்கினார்கள். சாகும்வரை ஒரு பாலர் பள்ளியில் குழந்தைகளின் உடற்பயிற்சிக்கு வாசித்தான்.

தேர்வு நடந்த அன்று தீர்மானத்தை எழுத ஆள் தேடி, என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்து என்னுடைய தேர்வு. "இசையமைப்பாளரை அவமதித்து அவர் பாட்டைச் சிதைத்தார்" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். ருவீம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.