அடி அண்ணாமலையில் கட்டிப்போட்ட ஊஞ்சல்

கோயிலுக்குள்ளும் போகவில்லை, கிரிவலமும் சுற்றவில்லை. திருவண்ணாமலை வரைக்கும் போய் இரண்டையும் செய்யாமல் திரும்பிய ஜென்மங்கள் நாங்களாகத்தான் இருப்போம். 2008 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் மகள் கயலும் சென்னையிலிருந்து அங்கே போனது ஒரே ஒரு ஊஞ்சலுக்காக.

கயலுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்காது. வாய் மட்டும் இரண்டு ஆளுக்குப் பேசும். போக வர எல்லாம் சக்கர நாற்காலிதான். எங்கள் பேட்டைப் பூங்காவில் ஊஞ்சல் இருக்கிறது, சறுக்குமரம் இருக்கிறது, வாசலில் மூன்று படியும் இருக்கிறது. சின்ன வயதில் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்து ஆட்டினேன். இப்போது அவள் கனத்துக்கு என் முதுகு ஒத்துக்கொள்வதில்லை. கயலை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகும் இடத்தில் இன்னொரு அம்மாதான் சொன்னார்: அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறதாம், அங்கே நாற்காலியோடு ஏற்றி ஆட்டுகிற ஊஞ்சல் இருக்கிறதாம். அன்றிலிருந்து கயல் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் பார்த்தேன். அதுவும் முடிந்தது.

கோயம்பேட்டில் காலை ஆறு மணி வண்டி. திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம் ஆகிறது. நாற்காலியை மடக்கி முன்பக்கம் சாய்த்து வைத்தேன். நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். "அது லக்கேஜ் இல்லை சார், இவளோட காலு" என்றேன். "காலுக்கு டிக்கெட் இல்லம்மா, சக்கரத்துக்கு உண்டு" என்று கிழித்து நீட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். நான் டிக்கெட்டைக் கசக்கிப் பையில் போட்டேன்.

பதினொன்றரைக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோக்காரரிடம் அடி அண்ணாமலை பக்கம் குழந்தைகள் பூங்கா என்றால் உதட்டைப் பிதுக்கினார். பெரிய ஊஞ்சல் இருக்குமே என்றதும், "ஓ, தொட்டில் பார்க்கா! மொதல்லயே அப்டி சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார். இந்த ஊரில் ஊஞ்சலைத் தொட்டில் என்பார்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். எட்டு கிலோமீட்டருக்கு நூற்றிருபது கேட்டு நூறுக்கு இறங்கினார். "பௌர்ணமின்னா ஜாஸ்திம்மா, இன்னிக்குக் கம்மிதான்."

செங்கம் சாலையில் ஆசிரமப் பகுதியைத் தாண்டும்போது கண்ணாடியில் கயலைப் பார்த்தபடி கேட்டார்: "இன்னொண்ணுக்காம்மா?" இன்னொரு இடத்துக்கும் போக வேண்டுமா என்கிறார் என்று நினைத்து, "இல்லைங்க, இது ஒண்ணே போதும்" என்றேன். மனிதர் ஏதோ புரிந்தவர் போலத் தலையாட்டினார். இறங்கும்போது, "நல்லாப் பொறக்கும், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பூங்காவைக் கட்டியவர்கள் யாரோ விஷயம் தெரிந்தவர்கள். வாசலில் படி இல்லை, சாய்வான பாதை. நாற்காலி நுழையும் அகலத்தில் கேட். உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மணல் தொட்டி. "அம்மா, இங்க தள்ளவே வேணாம்மா!" என்று கயல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால் போனாள். போனவள் ஊஞ்சலுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

நான்கு தடித்த சங்கிலி, இரும்புப் பலகை, ஏறுவதற்குச் சரிவு, சக்கரம் நகராமல் இருக்கக் கொக்கி. எல்லாம் சொன்னபடி இருந்தது. ஆனால் சங்கிலி கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை மஞ்சள் துணியில் கல்லை வைத்துக் கட்டிய தொட்டில்கள், கைவிரல் நீளத்துக்கு மரத்தொட்டில்கள், வளையல்கள். பலகையில் எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் கற்பூரக் கரியும். நான்கு சங்கிலியையும் பக்கத்துத் தூண்களோடு கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஆட்டோக்காரர் கேட்ட 'இன்னொண்ணு' என்னவென்று அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளை இப்படி ஆகிவிட்டது, அடுத்ததாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று நான் தொட்டில் கட்ட வந்திருக்கிறேனாம்!

காவலாளி வேப்பமர நிழலிலிருந்து எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். "இத வெச்சப்ப இன்னாதுன்னே யாருக்கும் தெரிலங்க. ஒரு அம்மா கிரிவலம் வந்தப்போ சாமி ஊஞ்சல்னு நெனச்சுத் தொட்டில் கட்டிட்டுப் போச்சு. அதுக்குப் புள்ள பொறந்துட்டுது. திரும்பி வந்து பொங்கல் வெச்சுது. அதோட ஜாஸ்தி ஆயிடுச்சு. ஆடுனா தொட்டிலு அறுந்து விழுதுனு ஜனங்களே இழுத்துக் கட்டிட்டாங்க."

"நீங்க அவுக்க மாட்டீங்களா?"

"அவுத்தேனே. ஒரு பொம்பள மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சு. எனக்கும் பொண்ணு கீதுங்க, கல்யாணம் ஆவணும்." பூங்காவைக் கட்டியவர்கள் வெளியூர்க்காரர்களாம். வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவே இல்லையாம்.

என் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும், கயலுக்குக் கட்டுப்போடும் துணி வெட்ட. எடுத்தேன். "ஐயோ, வேணாங்கா!" என்று குரல் கேட்டது. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து இருக்கும், ஐந்தாறு மாத வயிறு. கையில் இன்னும் மஞ்சள் ஈரம் காயவில்லை.

"என்னுதும் அதுலதான் கீதுக்கா. எனக்கு ரெண்டு தங்கல. இது ஒண்ணாவது கொறையில்லாம பொறக்கட்டும்னு இப்பத்தான் கட்டினேன்."

"உன்னுதைத் தொடலம்மா. கயித்த மட்டும் அறுக்கறேன். என் பொண்ணு பத்து நிமிஷம் ஆடிட்டு இறங்கிடுவா. இது அவ ஊஞ்சல்."

அவள் அப்போதுதான் கயலைச் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "இந்தப் பாப்பா ஏறுனா..." என்று இழுத்தாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏறினா என்னாகும்? ஒட்டிக்குமா? சொல்லு!" என்று கத்தினேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். காவலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா," என்று கயல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நீ எனக்குத் தொட்டில் கட்டுனியா?"

கட்டினேன். கயல் வயிற்றில் இருந்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் மரத்தில் கட்டினேன். இந்தப் பெண் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லித்தான் கட்டினேன். "ஆமா" என்றேன்.

"அப்ப அத யாராவது அவுத்துட்டாங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்லடி, அப்படியெல்லாம் இல்ல" என்றேன், ஆனால் கத்தரிக்கோல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், நாற்காலியில் வந்த ஒரு பிள்ளையால்தான் ஆனது என்று ஆயுசுக்கும் சொல்வாள். கயலுக்கு அந்தப் பேர் வேண்டாம். கத்தரிக்கோலைப் பையில் போட்டேன்.

கயலை மட்டும் நாற்காலியோடு பலகையில் ஏற்றினேன். அதைத் தடுக்க நான் யாரையும் விடவில்லை. இரும்பு தகதகவென்று கொதித்தது. "ஆட்டும்மா" என்றாள். ஊஞ்சல் ஆடாததால் நாற்காலியையே முன்னும் பின்னும் உருட்டினேன். நான்கைந்து தடவை உருட்டியதும், "போதும்மா, இத நம்ம வீட்லயே பண்ணலாம்" என்றாள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் போய்விட்டிருந்தாள்.

இதேபோல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். மணல் தொட்டி நன்றாக இருக்கிறது, அதற்காகப் போகலாம். கழிவறை வாசலில் அரை அடி படி இருக்கிறது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். மே மாதம் வேண்டவே வேண்டாம், பௌர்ணமி அன்று கிட்டேயே போகாதீர்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த வண்டியையே நிறுத்தி வையுங்கள். நாங்கள் ஒரு மணி நேரம் ரோட்டில் வெந்தோம். ஊஞ்சலை நம்பி மட்டும் போகாதீர்கள். பிள்ளையிடம் ஊஞ்சல் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

திரும்பும் பேருந்தில் செஞ்சி தாண்டியதும் கயல் கேட்டாள்.

"அந்த அக்காவுக்குப் பாப்பா நல்லாப் பொறந்தா திரும்பி வந்து பொங்கல் வெப்பாங்க இல்லம்மா?"

"ஆமாடா."

"என்ன மாதிரி பொறந்துட்டா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"அப்பவும் அங்கதான் கூட்டிட்டு வரணும். அதுல மட்டுந்தான நாற்காலியோட ஏத்த முடியும்." பிறகு சொன்னாள்: "ஆனா கட்டியிருக்குமேம்மா."