மாணிக்கண்ணன் பொருத்திய பத்து விளக்குகள்

மாணிக்கண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி கமலாக்கா போனில் சொன்னபோது காலை ஒன்பது மணி. காந்தலில் மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் என் ஒலிப்பதிவு அறையை அப்போதுதான் திறந்திருந்தேன். ஃபேக்டரிக்குக் கிளம்பி, ஷூ போடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். "நெஞ்சு வலிக்குதுன்னுகூடச் சொல்லலீங்களே" என்று அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். மேசையில் அவர் செய்து வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். இது கெட்டுப்போனால் இனி என் கதி என்ன என்றுதான் நினைத்தேன். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பயம் போகவில்லை.

சோலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் எலக்ட்ரீஷியன் என்பது ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். கோயில் ஆம்ப்ளிஃபயர், கல்யாண வீட்டு மைக் என்று அவர் கை படாத பெட்டி இந்த ஊரில் குறைவு. குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து ஒயர்களைச் சால்டரிங் வைத்து ஒட்டுவார். இந்த மலை ஈரத்துக்குப் பயந்து சர்க்யூட் போர்டுகளை அரிசி டப்பாவில் போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவார். பஜனைப் பாட்டு, ஆட்டோ விளம்பரம், பள்ளி ஆண்டு விழா என்று கிடைத்ததைப் பதிவு செய்பவள் நான். எனக்காக ஒரு கம்ப்ரசர் செய்து கொடுத்தார்; மேசையில் இருக்கும் பெட்டி அதுதான். பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினால், அதைப் பிடித்து அமுக்கி மற்றதோடு சமமாக்கும் கருவி அது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை. காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கேதான் என் வினை. அதற்கும் முன்பிருந்தே என் வலது காது போய்க்கொண்டிருந்தது. முதலில் சின்னச் சத்தங்கள் நின்றன. பிறகு பேச்சே மங்கியது. போனது திரும்ப வராது, இடது காதும் மங்கத் தொடங்கிவிட்டது, அதையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயம்புத்தூரில் டாக்டர் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. காது கேட்காதவளிடம் யார் பாட்டைக் கொண்டுவருவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்ரசருக்கு மீட்டர் வைக்கப்போகிறேன் என்று அவராகவே ஆரம்பித்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பத்து எல்.இ.டி. விளக்குகள். சத்தம் அமுங்க அமுங்க ஒவ்வொன்றாக எரியும். எரிந்தன. அவர் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! மைக்கில் தானே பேசிப் பேசிப் பதிவும் செய்தார். ஆனால் ஹெட்ஃபோனைப் போட்டதும் முகம் மாறியது. விளக்கு மாறும்போதெல்லாம் சத்தத்தில் ஒரு 'டிக்' விழுகிறதாம்; நானும் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டுத் தலையாட்டி வைத்தேன். விளக்கின் கரண்டும் பாட்டின் கரண்டும் ஒரே கிரவுண்டு ஒயரில் திரும்பியதுதான் காரணம். "ஒத்தையடிப் பாதையில ரெண்டு லாரிய உட்டா இப்புடித்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே விளக்குகளுக்குத் தனி ஒயர் இழுக்கத் தொடங்கினார்.

அரை மணி கழித்து ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினார். விளக்குப் பலகை அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப டிக் கேக்குதுங்களா அம்மிணி?"

முன்பும் எனக்குக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அரை மணி வேலைக்குக் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"முன்னைக்கு இப்ப ரொம்பக் கம்மிங்கண்ணா. லேசா இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகுதான் நானும் எட்டிப் பார்த்தேன். விளக்குகளுக்குப் போகும் ஒயர் கழற்றியபடி மேசைமேல் கிடந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. டிக் வரவே வழியில்லை. என் பொய் தெரிந்துவிட்டது. அவர், "சரிங்க, பாத்துக்கறேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! பாடுகிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் என் பிழைப்பு முடிந்தது. போன் அடித்தாலே, வரவில்லை என்று சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கினேன். ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியோடு வந்தார். விளக்குகளுக்குக் கீழே அவருடைய கோணல் கையெழுத்தில் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. இரண்டாவது விளக்கின் கீழ் 'பேச்சு'. நான்காவதில் 'பஜனை'. ஆறாவதில் 'கத்தறவங்க'. சிவப்பில் 'போதும்'.

"கண்ணுல பாத்தே ஓட்டலாமுங்க" என்றார். என் நாற்காலியையும் திருப்பிப் போட்டார். "இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா வருதுங்க." உட்கார்ந்து பார்த்தேன். பாடுகிறவர்கள் என் இடது பக்கம் வரும்படி போட்டிருந்தார். போகும்போது மட்டும் ஒன்று சொன்னார்: "கேக்கலீன்னா கேக்கலீன்னு சொல்லோணுமுங்க அம்மிணி. இல்லாததை இருக்குதுன்னா நான் எதைன்னு சரி பண்றது?" நான் புரியாதவள்போல் சிரித்து வைத்தேன். அதன்பிறகு நாலு வருஷம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சாவுக்குப்பின் நான் பெட்டியைத் தொடவே இல்லை. பத்தாம் நாள் கமலாக்கா படியேறி வந்தார். "அவரு குரல் ஏதாச்சும் இருக்குதுங்களா? காரியத்தன்னிக்குப் போடலாமுன்னு" என்றார். இருந்தது. மீட்டர் சோதித்த அன்று அவர் பேசிய பதிவு. ஆனால் அதில் டிக் விழுந்திருக்குமே! சொந்தக்காரர்கள் முன்னால் அவர் குரலோடு அதுவும் சேர்ந்து விழுந்தால்? எங்கெங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து வெட்ட எனக்குக் காது இல்லை.

பெட்டியைப் போட்டு அந்தப் பதிவை ஓடவிட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு. பர்லியார்ல மங்குஸ்தான் பழம் வந்துருச்சாமுங்க" என்று அவர் பேசினார். விளக்கு சமர்த்தாகப் 'பேச்சு' வரைக்கும் ஏறி இறங்கியது. டிக் இருக்கிறதா என்று அது சொல்லாது. வேறு வழியில்லை.

"அக்கா, எனக்கு வலது காது கேக்காதுங்க. இடதும் சரியில்லை. அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். இதுல டிக்குன்னு ஏதாச்சும் வருதான்னு நீங்கதான் சொல்லோணும்."

அக்கா ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை கேட்டார்.

"வருதுங்க. அங்கங்க டிக்கு டிக்குன்னு வருது. அதை எடுத்துராதீங்க அம்மிணி, அவரு பண்ணுனதுதானுங்களே" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "இத்தனை வருசத்துல எங்கிட்டக்கூட அவரு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பெட்டி என்னிடம் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கேட்டுக்கொண்ட அந்த ஒன்றைத்தான். நாலு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், மாணிக்கண்ணா: எனக்கு டிக் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டுப் பாட வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான். முடியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் மட்டும் என் இடது பக்கம் நின்று பேசுங்கள்.